தவிட்டுக்குப் போன சின்னவள்

ஆலடிப்பேரி கீழ நந்தவனத் தெருவில் நந்தவனம் கிடையாது, ஒரு செம்பருத்திச் செடிகூடக் கிடையாது, இருப்பதெல்லாம் இருபத்தொரு வீடும் ஒரு மாவு மில்லும் சதா ஒழுகுகிற ஒரு தெருக்குழாயும்தான் என்பதையும், அந்தத் தெருவில் பிறந்த ஒரு பெண்குழந்தை அழுதால் சத்தம் அதன் வாயிலிருந்து வராமல் தெருவில் வேறு யாருடைய வாயிலிருந்தாவது வரும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தத் தெருக்காரர்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் குழாயைப் பற்றித்தான் அதிகம் குறைப்படுவார்கள்.

குழந்தையின் தாய் உலகம்மாள், தெருவுக்கு உலகு. முப்பத்திரண்டு வயது, ஒல்லி, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது பதினோரு நாள் இருந்து பார்த்துவிட்டு, ஊர் பிடிக்காமலோ என்னவோ, அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் சுற்றி உட்கார்ந்து அழ நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களுக்குக் காப்பி போட ஆள் இல்லை. உலகுதான் எழுந்து காப்பி போட்டாள். அப்போது தள்ளிவைத்த அழுகை அப்படியே தள்ளிப்போய்விட்டது.

மூன்றாவது முறை, கொடுத்ததைப் பறித்த வெட்கத்தில் சாமி இரண்டாகக் கொடுத்துவிட்டார். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பெண்கள், ஒரே மூக்கு, ஒரே மொட்டை நெற்றி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பன் மாசானம் போனில் தேடி த்ரிஷிகா, த்ருவிகா என்று பெயர் வைத்தான். தெருவில் ஒருவர் நாக்கும் அதற்கு வளையவில்லை, அவன் நாக்கே மூன்றாம் நாள் மறுத்துவிட்டது. ஆகவே ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். அடையாளத்துக்கு உலகு பெரியவளுக்கு இடக் கன்னத்திலும் சின்னவளுக்கு வலக் கன்னத்திலும் மைப்பொட்டு வைத்தாள். பொட்டு இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். மாசானத்துக்குப் பொட்டு இருந்தாலும் சந்தேகம்தான்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். எமன் வந்து, இது உன் பிள்ளையா என்று கேட்டால், இல்லை சாமி, தவிட்டுக்கு வாங்கினது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர் இதைக்கூடவா விசாரிக்க மாட்டார் என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிக்கொள்ள முன்வந்தவள் மாவு மில் சண்முகத்தாய். புருஷன் செத்தபிறகு மில்லையும் தெருவையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை. "ஒத்த வீட்டுத் தவுட்டுல ஆயுசு நிக்காது" என்று சொல்லி, மற்ற இருபது வீட்டிலும் ஒவ்வொரு கைப்பிடி தவிடு வாங்கினாள். தவிட்டுக்கு எங்கே போவது என்று முழித்தவர்கள் அவள் மில்லிலேயே ஒரு பிடி அள்ளி அவள் முறத்திலேயே போட்டார்கள்.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் விற்பனை நடந்தது. மில்லின் பின்பக்கத்து ஜன்னல் வழியாக உலகு இரண்டு பிள்ளைகளையும் உள்ளே நீட்டினாள்; சண்முகத்தாய் வாங்கிக்கொண்டு முறத்துத் தவிட்டை வெளியே தள்ளினாள். பிறகு உலகும் மாசானமும் முன்வாசலுக்குச் சுற்றிவந்து, வழியில் போகிற யாரோ மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு, தலைக்கு ஒரு படி நெல் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் ஒருத்தி ஈரம் பண்ணினாள், துணி மாற்றினார்கள், மாசானம் போனில் படம் எடுத்தான், எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை சின்னவள் பசிக்கு வாயைத் திறந்தாள். முகம் சிவந்தது, கால் உதைத்தது, கண்ணோரம் நனைந்தது, சத்தம் மட்டும் இல்லை. அதே நேரத்தில் தெருக்குழாயடியில், பத்திர ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அறுபத்தெட்டு வயது ஆறுமுகநயினார், வாய் நிறையப் பற்பசை நுரையோடு, "ங்ஙா... ங்ஙா" என்று முப்பத்தாறு நாள் குழந்தையின் குரலில் வீறிட்டார். ஓடிவந்தவர்கள் முதலில் பக்கவாதம் என்றார்கள், பிறகு பற்பசை என்றார்கள். உலகு சின்னவளை மாரில் போட்டதும் அவர் நிறுத்திக்கொண்டு, வாயைக் கொப்புளித்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல வீட்டுக்குப் போனார்.

நான்கைந்து நாளில் தெருவுக்கு விஷயம் பிடிபட்டது. திருடனை விசாரித்துக்கொண்டிருந்த அதே தெரு ஏட்டு லூர்துசாமி ஸ்டேஷனில் ங்ஙா என்று ஆரம்பிக்க, திருடன் பயந்துபோய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, கேட்காத மூன்று திருட்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டான். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் சின்னவளின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்த, வெளியே பெஞ்சில் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் மருந்துச்சீட்டு வாங்க வந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கதறினாள். "பாத்தீங்களா, அழுவுதே" என்றார் டாக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

வேறு தெருவாக இருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லை தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். கீழ நந்தவனத் தெரு முறை போட்டது. யார் வாயிலாவது ங்ஙா கிளம்பினால் பக்கத்தில் இருப்பவர் "சின்னவ!" என்று குரல் கொடுக்க வேண்டும், உலகு வீட்டுக்கு யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் ஓட வேண்டும், ஓடிப்போய் முதலில் துணி, அப்புறம் பால், அப்புறம் தோளில் போட்டு ஏப்பம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சண்முகத்தாய் தடுப்பூசி அட்டையை நகல் எடுத்து மில் சுவரில் ஒட்டினாள். அதைப் பார்த்துத்தான் லூர்துசாமி லீவு எழுதிக்கொடுத்தார், அதைப் பார்த்துத்தான் கடைசி வீட்டில் பெண்பார்க்க நாள் குறித்தார்கள், அப்படியும் தப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பவுன் என்று சொல்லி வாயை மூடும் முன்னே பெண்ணின் அப்பா ங்ஙா என்று அலறினார். வந்தவர்கள் மிரண்டு இருபதுக்கு இறங்கினார்கள். அந்த நேரத்தில் சின்னவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது உலகுவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

ஆக, தெருவே சின்னவளைப் பார்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மருமகள் தங்கபுஷ்பம் குளிப்பாட்ட வந்தாள். ஏட்டு பூட்சைக் கழற்றிவிட்டு வந்து தொட்டில் ஆட்டினார். ஆறுமுகநயினார் பழைய பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தை ராகம் போட்டுப் படித்துத் தூங்கவைத்தார், வடக்கே வாய்க்கால் வருவதற்குள் பிள்ளை உறங்கிவிடும். பெரியவள் பாவம். சொந்தக் குரலில் தொண்டை கிழியக் கத்தினாலும் தெருவில் ஒரு பூனை திரும்பிப் பார்க்காது. தன் வாயால் அழுகிற பிள்ளைக்குத் தாய் மட்டும்தான், அடுத்தவர் வாயால் அழுகிற பிள்ளைக்கு ஊரே தாய் என்று உலகு அப்போது புரிந்துகொண்டாள். ஒருத்தியைத் தெரு பார்த்துக்கொண்டதால்தான் இன்னொருத்தியை அவளால் பார்க்க முடிந்தது. மாசானம் வண்டியிலிருந்து வந்தால், விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே நின்றபடி தூங்கிவிடுகிற ஆள்.

மூன்றாம் மாதத்தில், போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, தவிட்டு நாளில் எடுத்த இரண்டு படங்கள் உலகுவின் கண்ணில் பட்டன. முதல் பிள்ளையை வாங்குகிற படம்: இடக் கன்னத்தில் மைப்பொட்டு. இரண்டாவது பிள்ளையை வாங்குகிற படம்: இடக் கன்னத்தில் மைப்பொட்டு. அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வாங்கின பெரியவள் ஈரம் பண்ணியதும் துணி மாற்ற அவளைத் திரும்பப் பாயில் கிடத்தினார்கள். இரண்டாவது படி நெல்லுக்குச் சண்முகத்தாய் அதே பெரியவளைத்தான் மறுபடி தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரே பிள்ளையை இரண்டு தடவை வாங்கியிருக்கிறார்கள். சின்னவளை யாருமே வாங்கவில்லை; இட்லி சாப்பிட்ட பிறகு பாயோடு சும்மா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இன்றுவரை அவள் தவிடு போட்ட இருபது வீட்டின் பிள்ளை. தெருவுக்குச் சொந்தமான பிள்ளை தெருவின் வாயால்தானே அழும்?

எழுந்துபோய் ஒரு படி நெல்லைக் கொடுத்தால் முடிகிற காரியம். உலகு எழுந்தும்விட்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டிலிருந்து ஒரு ங்ஙா கேட்டது, "சின்னவ!" என்று யாரோ கூவினார்கள், தங்கபுஷ்பம் ஈரக்கையோடு ஓடிவந்து, "நீங்க இருங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்" என்று தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். உலகு மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளும் தங்கள் வாயாலேயே அழ ஆரம்பித்தால் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். படத்தை அழிக்கவில்லை, யாரிடமும் காட்டவுமில்லை.

அதற்கு அவள் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. சின்னவளின் குரல் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றவள் அடுத்தவர் வாயில்தான் கேட்டாள். யார் அழுகிறார்கள் என்று கேட்டுக்கேட்டு ஓடினாள். ஆறுமுகநயினாரின் வெள்ளை மீசைக்குக் கிட்டத்தில் காதைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூச்சுவிடுகிற வரைக்கும் நின்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் காய்கறிக் கடையில் ஏட்டு ங்ஙா என்றதும் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அவரும் பார்த்துவிட்டார், அவளும் பார்த்துவிட்டாள், இருவரும் சேர்ந்து கத்திரிக்காயைப் பார்த்தார்கள். ஊரில் எல்லார் வாயிலும் வந்த குரல் அவள் வாயில் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. விற்ற வீடு அவள் வீடு. அவள் தவிடு போடவில்லை. பொறாமை என்று அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அது பொறாமைதான்.

தெருவுக்கோ அதற்குள் சின்னவள் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பெண்பார்க்க வந்த அன்று நடந்ததை ஊர் மறக்கவில்லை. தங்கபுஷ்பம் மாமியாருக்குப் பயந்து மூன்று வருஷம் மூக்கைக்கூடச் சிந்தாதவள். இப்போது பாத்திரம் தேய்த்தபடியே அரைமணி நேரம் ஏங்கி ஏங்கி அழுதாள், என்ன என்று மாமியார் எட்டிப்பார்த்தால், "சின்னவ, அத்த" என்றாள், மாமியார் திரும்பி உள்ளே போய்விட்டாள். பெண்சாதி செத்த ஒன்பது வருஷமும் கல்லாக இருந்த ஆறுமுகநயினார் வெள்ளிக்கிழமைதோறும் அவள் படத்துக்கு முன்னால் சின்னவளாக அழுதார். பல் முளைத்த ஏழாம் மாதத்தில் தெருவே ஈறு வலித்து அழுதது, அதில் எத்தனை அழுகை சின்னவளுடையது என்று கண்டுபிடிக்கப் பெற்றவளாலேயே முடியவில்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் தொட்டிலை எட்டிப்பார்ப்பாள். பாதி நேரம் பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு சிரிக்கும்.

பதினோராம் மாதம் புளியடி சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று மாசானம் முடிவு செய்தான். பெரியவளின் இரண்டு காதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. சின்னவளின் இரண்டு காதுக்கு ஞாயிற்றுக்கிழமை மில்லை நிறுத்திவிட்டுக் கூட்டம் போட்டார்கள்.

"வெறும் தடுப்பூசிக்கே எனக்கு மூணு மணிநேரம் நிக்கல" என்றார் லூர்துசாமி. "காதுன்னா கம்பியில்லா! அதுவும் ரெண்டு காது!"

"குத்தாமலே விட்ருவமே" என்றது ஒரு குரல்.

"பொம்பளப்பிள்ளய மூளிக்காதோட விடவா? நல்லாருக்குய்யா நாயம்" என்றாள் சண்முகத்தாய். "சீட்டுக் குலுக்கிப் போடுவம். பேர் வந்தவுக கோயிலுக்கு வரட்டும், மத்தவுக எல்லாரும் அன்னைக்கு வெளியூர் போயிருவம்."

"அது எந்த ஊருக்குப் போனாலும் விடாதுல்லா. எம் மச்சான் திருச்செந்தூர்ல குளிச்சிக்கிட்டிருக்கும்போது வந்துச்சு, கடலுக்குள்ள வச்சு" என்றது இன்னொரு குரல்.

மாவு தூசுக்குள் மூலையில் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்த உலகு எழுந்தாள். பிள்ளைகளைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தாள். போனை எடுத்து இரண்டு படங்களையும் சண்முகத்தாய்க்குக் காட்டினாள். போன் கைமாறிக் கைமாறி மில்லைச் சுற்றிவந்தது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுத் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டார்கள், இடது எது வலது எது என்று தெரிந்துகொள்ள.

"நான்தான் மாத்திக் குடுத்தேனா?" என்றாள் சண்முகத்தாய். "அட கிறுக்குச் செறுக்கி!" அது தன்னைத்தானே சொல்லிக்கொண்டது.

"இது எப்பம் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார் ஏட்டு, விசாரிப்பது அவர் தொழில்.

"மூணாம் மாசம்."

"தெரிஞ்சே சொல்லாம இருந்தியாம்மா?"

"ஆமா. சொல்லிட்டா நீங்க யாரும் வரமாட்டீயன்னு நெனச்சேன்" என்றாள் உலகு. மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். "மொதப் பிள்ளைக்கு வந்தீய, ரெண்டாவதுக்கு வந்தீய. அழுதுட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டீய. மக்காநாளு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவ அழுதாத்தான் ஓடி வந்தீய. அதான் சொல்லல." பிறகு சேலைக்குள் மறைத்து வைத்திருந்த நெல்லுப் படியை எடுத்து மில் மேடையில் வைத்தாள். "போதும். இனிமே ஒருத்தரும் வராட்டாலும் பரவால்ல, ரெண்டையும் நானே கத்தவிட்டு வளத்துக்கிடுதேன். எம்பிள்ள சத்தத்த எனக்குக் கேக்கணும். அவள எனக்குத் திருப்பிக் குடுங்க."

படியை யாரும் தொடவில்லை. இருபது வீடும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முதலில் பேசியது தங்கபுஷ்பம். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "நான் தரமாட்டேன் மைனி" என்றாள், சின்னவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான்." மாமியார் முறைத்தாள், முறைத்துவிட்டு, என்ன நினைத்தாளோ, "எங்க வீட்டுப் பங்க நாங்க குடுக்கதா இல்ல" என்று அவளும் சொன்னாள். பாத்திரம் தேய்க்கிற நேரம் போக மற்ற நேரங்களில் அந்த மாமியாரும் சின்னவளாக அழுதுகொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஏட்டு, தனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, சின்னவள் இல்லாமல் அந்த ஸ்டேஷனில் காலம் தள்ள முடியாது என்றார். இப்படியே ஒவ்வொரு வீடும் தரமாட்டேன் தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வர, உலகு ஆறுமுகநயினாரைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய மனுஷர். "இது பிரிபடாத சொத்து தாயி. இருவது பங்காளி. ஒருத்தர் ஒத்துக்கிடலேன்னாலும் கிரயம் செல்லாது."

"அப்பம் பெத்தவளுக்கு ஒண்ணுமே கெடயாதா?"

"பெத்தவள்ங்கதுக்குப் பத்திரத்துல எடமே கெடயாது" என்றார் அவர் வருத்தமாக. பிறகு கண்ணாடியை மறுபடி கழற்றினார். "ஆனா தவுடு போட்டவுகதான பாத்தியப்பட்டவுக? நீ போடல. இப்பம் போட்டா ஒன்ன யாரு தடுக்கா? வித்தவ திரும்ப வாங்கத்தான் இருவது பேரக் கேக்கணும். பங்கு சேர ஒரு பிடி போதும்லா."

எட்டு மாதம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று உலகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். மில்லின் குழலடியில் குவிந்து கிடந்த தவிட்டை ஒரு பிடி அள்ளினாள், சண்முகத்தாய் முறத்தை நீட்டினாள், போட்டாள். அவ்வளவுதான். ஆறுமுகநயினார் வெள்ளைத்தாளில் இருபத்தொரு பங்கு என்று திருத்தி எழுதி, சாட்சிக்குப் பெரியவளின் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றியெடுத்தார். பெரியவள் மையை நக்கிவிட்டுச் சொந்தக் குரலில் அழுதாள். ஆச்சரியம், அன்றைக்கு மூன்று பேர் அவளைத் தூக்க ஓடினார்கள்.

"இனி அவ அழுக எனக்குத்தான் வருமா?" என்று கேட்டாள் உலகு.

"அப்படி ஒண்ணும் நிச்சயம் சொல்ல முடியாது. இருவத்தொண்ணுல ஒண்ணு" என்றார் அவர்.

கோயிலுக்கு இரண்டு வேனில் போனார்கள். எல்லோரும் பங்குக்காரர்கள், யாரை விட்டுவிட்டுப் போவது? திருப்பூரிலிருந்து உலகுவின் அண்ணன் சொள்ளமுத்து, தாய்மாமன், பட்டு வேட்டியில் வந்து இறங்கினான். அவனுக்கு இந்த விவகாரம் ஒன்றும் தெரியாது. புளியமரத்தடியில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய சின்னவளை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், சுற்றி நிற்கிற எழுபது எண்பது பேரும் துண்டாலும் முந்தானையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். கோயிலில் ஏதோ நாற்றம் போலிருக்கிறது என்று அவனும் மூக்கைப் பொத்தினான்.

ஆசாரி தங்கக் கம்பியைச் சின்னவளின் வலது காதுமடலில் வைத்து அழுத்தினார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். உள்ளே இருந்த ஆறு பல்லும் தெரியத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தம் இல்லை. ஏட்டு ஆறுமுகநயினாரைப் பார்த்தார், ஆறுமுகநயினார் சண்முகத்தாயைப் பார்த்தார், தங்கபுஷ்பம் மாமியாரைப் பார்த்தாள். உலகுவும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், இவர்தானோ, இவள்தானோ என்று, பார்த்துக்கொண்டே வந்தவளின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ங்ஙா" என்றாள் உலகு.

மெல்லிய குரல், முனையில் கொஞ்சம் பிசிறு. ஊரெல்லாம் ஓடி ஓடிக் கேட்ட குரல் அவள் தொண்டைக்குள்ளேயே இருந்து வந்தது. அழுதபடியே அவள் சிரித்தாள், சந்தோஷம் தாங்காமல். சொள்ளமுத்துவுக்கு மூக்கிலிருந்து கை நழுவியது. ஆசாரி திருகைப் போட்டு முடித்தார், வலி தணிந்து சின்னவள் வாயை மூடிக்கொண்டு மாமன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தாள். உலகு நிறுத்தவில்லை. ங்ஙா போய் வேறு குரல் வந்தது, கனத்த குரல், முப்பத்திரண்டு வயதுக் குரல். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உலகு, சின்னவ எப்பவோ நிறுத்திட்டா" என்றான் மாசானம் பதறிப்போய்.

"சும்ம கெடயும்" என்றாள் சண்முகத்தாய். பிறகு கையை உயர்த்தித் கோயில் முழுக்கக் கேட்கிற குரலில், "சின்னவ!" என்று கூவினாள்.

பத்து மாதம் பழகின கால்கள். யாரும் யோசிக்கவில்லை, ஓடிவந்தார்கள். முதலில் துணி: மாமியார்க்காரி உலகுவின் விலகிய முந்தானையைச் சரிசெய்து முகத்தைத் துடைத்தாள். அப்புறம் பால்: தங்கபுஷ்பம் பிள்ளைகளுக்கென்று காய்ச்சி வைத்திருந்த பாலை டம்ளரில் ஊற்றி வாயில் வைத்தாள், விக்கி விக்கிக் குடித்தாள். அப்புறம் தோள்: சண்முகத்தாய் அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்து, முதுகை மேலிருந்து கீழாகத் தடவித் தடவி, தட்டித் தட்டிக் கொடுத்தாள். உலகு இரண்டு பேருக்காகவும் அழுதாள், ஒருத்தி பதினோரு நாள் இருந்தவள், ஒருவன் ஒரு நாளும் இல்லாதவன், காப்பி போடப் போன அன்று விட்டுவைத்ததை எல்லாம் அழுதாள். யார் அழுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. ஏட்டு "அப்பாடா" என்றார். அவள் அந்தத் தோளிலேயே தூங்கிப்போனாள், ஆறுமுகநயினார் எதற்கும் இருக்கட்டும் என்று நான்கெல்லை விவரத்தைத் தொடங்கியபோது அவள் கிழக்கு எல்லையைக்கூடக் கேட்கவில்லை.

ஆசாரி இரண்டாவது கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "அடுத்த காது?"

எழுபது எண்பது பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார்கள்.

அவள் எழுந்திருக்க வெயில் தாழ்ந்துவிட்டது. அதுவரை பெரியவளை ஒரு கும்பலும் சின்னவளை ஒரு கும்பலும் வைத்திருந்தது, பந்தி நடந்தது, சாமி தூங்கினார், இரண்டு வேன் டிரைவர்களும் தூங்கினார்கள். நடுவில் படமும் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் மாவு மில் சுவரில், தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறது: மாமன் மடியில் சின்னவள், வலது காதில் கம்மல், இடது காது மூளி. புதிதாக மாவரைக்க வருகிற யாராவது, என்னக்கா இது, பிள்ளைக்கு ஒரு காதுதான் குத்தினீர்களா என்று கேட்டால், அந்தத் தெருக்காரர்கள் தவிட்டுக் கதையைச் சொல்லமாட்டார்கள்.

"அப்பம் அவ அம்மா தூங்கிக்கிட்டிருந்தா" என்று மட்டும் சொல்வார்கள்.